சுவரில் கருப்புப் பூஞ்சை, மகளுக்கு இரவில் இருமல்: இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

மாடிவீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். படுக்கையறையில் இருந்த பீரோவை நகர்த்திப் பார்த்தால், பின்சுவரின் கீழ்ப்பகுதியில் கருப்பும் கரும்பச்சையுமாகப் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. அந்த அறையில் பூசண வாடை ரொம்ப நாளாகவே உண்டு, எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியாமல் இருந்தது.

ஆறு வயது மகள் அங்கேதான் தூங்குகிறாள். ராத்திரி ஆனால் இருமல், விடிகாலையில் அடுக்கடுக்காகத் தும்மல், சில நாள் நெஞ்சில் விசில் மாதிரி சத்தம். விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போனால் எல்லாம் அடங்கிவிடுகிறது, திரும்பி வந்த கொஞ்ச நாளில் மறுபடி ஆரம்பம். எனக்கும் தலைவலி, அசதி, எதிலும் மனம் நிற்பதில்லை.

இணையத்தில் தேடினால் இது விஷப் பூஞ்சை, நுரையீரலில் ரத்தக்கசிவு வரும், ஞாபக மறதி வரும் என்றெல்லாம் போட்டிருக்கிறது. உடம்பில் பூஞ்சை விஷம் ஏறியிருக்கிறதா என்று சிறுநீரில் பார்க்கலாம் என்றும் ஒரு இடத்தில் படித்தேன். வீட்டு ஓனரோ, மேலே ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். எதை நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

வார்டு செவிலி எழுதியது:

நுரையீரல் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன், அதனால் முதலில் குழந்தையைப் பற்றி. இந்த வீட்டில் இருந்தால் இருமல், வெளியே போனால் அடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். நெஞ்சில் விசில் சத்தம் என்பது வீசிங். பூஞ்சையைச் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ காத்திருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பூஞ்சை காற்றில் விடும் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வகையின் வித்து 2 முதல் 3 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மூக்கின் வடிகட்டலைத் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். ஆல்டர்னேரியா போன்றவற்றின் வித்துகள் பெரியவை, பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். வித்து மட்டுமல்ல, உடைந்த பூஞ்சைத் துணுக்குகளும் காற்றில் மிதக்கும். இவற்றுக்கு ஒவ்வாமை உள்ள உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்கிறது, மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குகிறது, அதுதான் இருமலும் இளைப்பும். ஒவ்வாமை இல்லாதவர்களுக்குக்கூட கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, மூக்கடைப்பு வரலாம்.

இதில் மருத்துவ உலகுக்குப் பெரிய சந்தேகம் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வீட்டுக்குள் இருக்கும் ஈரம், பூஞ்சை பற்றித் தனியாக ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருமல், வீசிங், ஆஸ்துமா போன்ற தொல்லைகள் ஏறத்தாழ 30 முதல் 50 சதவீதம் அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007-ல் கணக்கிட்டார்கள். ஃபின்லாந்தில் குழந்தைகளை ஆறு வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் ஆரம்பத்திலேயே பூசண வாடை இருந்த வீட்டுக் குழந்தைகளுக்குப் புதிதாக ஆஸ்துமா வந்தது மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் மூக்குக்கு வாடை தெரிந்தால் அதுவே போதுமான தடயம், பரிசோதனைக்கூடம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

இப்போது அந்த விஷப் பூஞ்சை விஷயம். ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கரும்பூஞ்சையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் 1990-களில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு வந்தபோது அதை இந்தப் பூஞ்சையோடு சேர்த்துப் பேசினார்கள். அந்தத் தரவுகளை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே மறுபடி ஆராய்ந்து, தொடர்பு நிரூபணமாகவில்லை என்று 2000-ல் சொல்லிவிட்டது. முதலில் வந்த பயம் பரவிய அளவுக்குப் பின்னால் வந்த திருத்தம் பரவவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். கருப்பாக இருப்பதெல்லாம் அந்த வகையும் இல்லை, வீட்டில் சாதாரணமாக வரும் கிளாடோஸ்போரியமும் கருப்புதான். பூஞ்சை நஞ்சு உடம்பைக் கெடுக்கும் என்பது உண்மை, ஆனால் அதற்கு உறுதியான சான்று இருப்பது உணவு வழியாகத்தான். பூசணம் பிடித்த கடலையிலும் சோளத்திலும் வரும் அஃப்லடாக்சின் கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். சுவரில் இருப்பதை மூச்சில் இழுத்து ஞாபக மறதி வரும் என்பதற்கு அப்படிப்பட்ட சான்று இல்லை.

சிறுநீர்ப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்காதீர்கள். சாப்பாட்டிலிருந்தே கொஞ்சம் பூஞ்சை நஞ்சு எல்லோர் உடம்புக்கும் போகிறது, ஆரோக்கியமாக இருப்பவர் சிறுநீரிலும் தெரியும், அதை வைத்து நோய் என்று எதையும் சொல்ல முடியாது. மகளுக்கு மருத்துவர் தேவை என்று நினைத்தால் தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையோ ரத்தத்தில் ஒவ்வாமையைக் காட்டும் ஐ.ஜி.இ. சோதனையோ எழுதுவார், அதற்குப் பலன் உண்டு.

உங்கள் தலைவலியையும் அசதியையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பூஞ்சைதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டால் வேறு காரணம் இருந்தால் தவறிப்போகும், அதனால் சொல்கிறேன். குழந்தை இருமினால் அம்மாவுக்கும் தூக்கம் போகும். ரத்தச்சோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். வீட்டுக்குள் எரிவாயு ஹீட்டரோ அடுப்போ காற்றோட்டம் இல்லாத இடத்தில் எரிகிறதா? வீட்டில் இருந்தால் தலைவலி, வெளியே போனால் இல்லை என்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும், அது பூஞ்சையைவிட அவசரம்.

—

வெள்ளைச்சுவர் எழுதியது:

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை சகோதரி. ப்ளீச்சை நன்றாகத் தெளித்து, காய்ந்ததும் பூஞ்சைத் தடுப்பு பெயிண்ட் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், சுவர் பளிச்சென்று ஆகிவிட்டது.

—

கட்டட வேலை எழுதியது:

வெள்ளைச்சுவர், சுவர் பளிச்சென்று ஆகும், மறுக்கவில்லை. ப்ளீச் நிறத்தை வெளுத்துவிடும், பூச்சுக்கும் பட்டிக்கும் உள்ளே ஊடுருவியிருப்பதை முழுக்கத் தொடாது. செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால் கொன்றால் மட்டும் போதாது, அதை அங்கிருந்து எடுத்தாக வேண்டும். வீசிங் உள்ள குழந்தை தூங்கும் அறையில் ப்ளீச் வாடையே அடுத்த தொல்லையாகிவிடும். இன்னொரு விஷயம், கழிப்பறை கழுவும் ஆசிட்டோடோ அம்மோனியா கலந்த கிளீனரோடோ ப்ளீச்சைக் கலந்தால் நச்சு வாயு வரும். தயவுசெய்து யாரும் இதைச் செய்துவிடாதீர்கள்.

மாடிவீடு, பூஞ்சை தானாக வராது, சுவரில் ஓதம் இருந்தால்தான் வரும். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் சில மாதத்தில் உப்பி உரியும். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? குளியலறை என்றால் குழாய்க் கசிவோ, தரை ஓடுகளின் இடுக்கு வழியாக நீர் இறங்குவதோ காரணமாக இருக்கலாம். வெளிச்சுவர் என்றால் விரிசல் வழியாக மழைநீர் வரலாம், தரையிலிருந்து ஈரம் ஏறலாம். இது எதுவும் இல்லாமலும் வரும்: வெளிச்சுவர் குளிர்ந்திருக்கும், பீரோ ஒட்டியிருப்பதால் காற்று ஓடாது, அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று அங்கே போய்ப் படிந்து வியர்க்கும்.

இதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. அறைக்குள் அதே சுவரில் பூஞ்சை இல்லாத இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டுங்கள். ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் மேல்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அது ஓனர் ஆள் வைத்துச் சரிசெய்ய வேண்டிய வேலை.

பூஞ்சை பிடித்த இடம் ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் நீங்களே சுத்தம் செய்யலாம், அதற்கு மேல் என்றால் விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். குழந்தையை அன்றைக்கு வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம். என்-95 முகக்கவசம், கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காய்ந்த சுவரைத் தேய்க்கவே கூடாது, துடைப்பத்தால் தட்டவும் கூடாது, அத்தனை வித்தும் காற்றில் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் வழித்தெடுத்து, நன்றாகக் காயவிடுங்கள். பட்டி ஊறி உப்பியிருந்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டியதுதான். மெத்தை, தலையணை, அட்டைப்பெட்டியில் பூஞ்சை ஏறியிருந்தால் எறிந்துவிடுங்கள், அவற்றைச் சுத்தம் செய்ய முடியாது.

—

மாடிவீடு எழுதியது:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைதான். ஹீட்டர் கரண்டில் ஓடுவது, சமையலறையில் பெரிய ஜன்னல் இருக்கிறது, அதனால் அந்தப் பயம் இல்லை. மகளுக்கு நாளைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன்.

ஒன்று கேட்க விட்டுப்போனது. மாமியார் அடுத்த மாதம் எங்களோடு தங்க வருகிறார். அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்து, அதற்கான மாத்திரைகள் தொடர்ந்து எடுக்கிறார். கொரோனா நேரத்தில் கருப்புப் பூஞ்சை என்று கண்ணையே எடுக்க வேண்டி வந்ததாகப் படித்தோமே, அதுவும் சுவரில் இருப்பதும் ஒன்றுதானா?

—

வார்டு செவிலி எழுதியது:

ஒன்று இல்லை. அப்போது பேசப்பட்டது மியூகார்மைகோசிஸ். மண்ணிலும் மட்கிய பொருட்களிலும் இருக்கும் வேறு வகைப் பூஞ்சையால் வருவது, கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில் வேகமாகப் பரவியது. பெயர் ஒத்துப்போவதால் எல்லோருக்கும் குழப்பம்.

ஆனால் மாமியார் விஷயம் எழுதியது ரொம்ப நல்லது. மாற்று உறுப்பை உடம்பு ஒதுக்காமல் இருக்க எடுக்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தி வைத்திருக்கும். நமக்கெல்லாம் ஆஸ்பர்ஜில்லஸ் வித்து தினமும் மூச்சில் போகிறது, உடம்பு அதை அழித்துவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் நுரையீரலில் அதே வித்து முளைத்துத் திசுவுக்குள் பரவலாம். இது ஒவ்வாமை இல்லை, தொற்று, உயிருக்கே ஆபத்தானது. எல்லோருக்கும் வந்துவிடாது, அரிதுதான், ஆனால் அந்த அரிதான கூட்டத்தில் உங்கள் மாமியார் இருக்கிறார். கசிவு அடைபட்டு, சுவர் காய்ந்து, சுத்தம் செய்து முடியும் வரை அவர் வருவதைத் தள்ளிப்போடுங்கள். சுத்தம் செய்யும்போது பக்கத்து அறையில்கூட அவர் இருக்கக் கூடாது. அவருடைய மருத்துவரிடம் வீட்டு நிலைமையை இப்போதே சொல்லி வையுங்கள். வந்த பிறகு விடாத காய்ச்சல், இருமல், சளியில் ரத்தம், நெஞ்சுவலி எது இருந்தாலும் அன்றைக்கே போய்விட வேண்டும்.

—

இழுப்புக்காரன் எழுதியது:

பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இன்ஹேலர் ஒழுங்காக எடுத்தும் ஒரு கட்டத்தில் அடங்கவே இல்லை, பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகச் சளி வந்தது. கடைசியில் ஏ.பி.பி.ஏ. என்றார்கள், ஆஸ்பர்ஜில்லஸ் மூச்சுக்குழாயிலேயே தங்கி ஒவ்வாமையைக் கிளப்பிக்கொண்டே இருக்கும் நோய். கவனிக்காமல் விட்டால் மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்து கெட்டுப்போகும். சரியான மருந்து கொடுத்ததும் எனக்கு நல்ல மாற்றம் தெரிந்தது. ஆஸ்துமா மருந்துக்குக் கட்டுப்படாமல் இப்படிச் சளியும் வந்தால், இதைப் பார்க்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

—

கட்டட வேலை எழுதியது:

அந்தப் பக்கம் குளியலறை, பூஞ்சை கீழ்ப்பகுதியில்: கசிவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பிளாஸ்டிக் தாள் சோதனையை இன்றைக்கே வைத்துவிடுங்கள். சுவர், தாளின் அடியில் கோத்த நீர், இரண்டையும் தேதியோடு படம் எடுத்து, மருத்துவர் எழுதிக்கொடுப்பதையும் சேர்த்து ஓனருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சில் பெயிண்ட் என்று முடித்துவிடுவார். பிளம்பர் முதலில், சுவர் காய்வது அடுத்து, பட்டியும் பெயிண்டும் கடைசியில் என்று வரிசையையும் குறிப்பிட்டு எழுதுங்கள். ஊறிய சுவர் முழுக்கக் காய வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்தினால் அப்படியே விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதுவரை மகளை வேறு அறையில் படுக்க வையுங்கள், இந்த அறைக் கதவைச் சாத்தியே வையுங்கள். துணியை வீட்டுக்குள் காயப்போட வேண்டாம். குளித்ததும் எக்ஸாஸ்ட் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடட்டும். பீரோவைத் திரும்ப வைக்கும்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி மகள் படுக்கும் அறையில் வையுங்கள், 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, 30 முதல் 50-க்குள் இருந்தால் நல்லது. தாளைப் பிரித்துப் பார்த்ததும் நீர் எந்தப் பக்கம் என்று இங்கே எழுதுங்கள், பிளம்பரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.