ராத்திரியில் மீன் தொட்டி ஃபில்டர் சத்தம், அம்மா பிளக்கைப் பிடுங்கிடறாங்க. என்ன பண்ணலாம்?

தாம்பரம் தொட்டி:
வணக்கம். 2 அடி தொட்டி, ஐம்பது லிட்டருக்கு மேல தண்ணி பிடிக்கும். மோலி, பிளாட்டி, ஒரு ஜோடி கௌராமி இருக்கு. பின்பக்கக் கண்ணாடியில மாட்டுற ஃபில்டர். பகல்ல டிவி, ஃபேன் சத்தத்துல எதுவும் தெரியல. ஹால் அடங்கினதும் ‘கர்ர்ர்’னு கேட்க ஆரம்பிக்குது. கரண்ட் போயிட்டு வந்தா இன்னும் மோசம். அம்மா ஹால்லதான் படுப்பாங்க. முட்டி வலியோட அவங்க கண்ணயர்றதே பெரிசு, இந்தச் சத்தத்துல அதுவும் கலைஞ்சிடுது. அதனால படுக்கும்போது பிளக்கைப் பிடுங்கிடறாங்க. காலையில பார்த்தா மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. அம்மாவையும் சொல்ல முடியல, மீனையும் இப்படி விட முடியல. மோட்டார் போச்சா? புதுசுதான் வாங்கணுமா?

கோவை கப்பி:
முதல்ல தண்ணி மட்டத்தைப் பாருங்க ப்ரோ. வெயில் நாள்ல சீக்கிரம் இறங்கிடும். இறங்கினா ஃபில்டர்ல இருந்து தண்ணி விழற சத்தம் கூடும், குழாய் காத்தையும் சேர்த்து இழுக்கும். சத்தம் தண்ணி விழறதா, மோட்டாரா?

தாம்பரம் தொட்டி:
மட்டம் சரியாத்தான் இருக்கு. மோட்டார் பக்கம்தான் வருது. பெட்டியைக் கையால அழுத்திப் பிடிச்சா பாதி குறையுது. எங்களுக்கு போர் தண்ணி, பெட்டி ஓரமெல்லாம் வெள்ளையா உப்பு பூத்திருக்கு.

கொளத்தூர் அண்ணன்:
தம்பி, புதுசு வாங்க வேண்டாம். கொளத்தூர்ல மீன் கடைகளுக்கு நடுவுலயே பல வருஷமா தொட்டி பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ‘மோட்டார் போச்சு’ன்னு கொண்டு வர்றதுல பெரும்பாலும் மோட்டாருக்கு ஒண்ணும் இருக்காது. உள்ளே சுத்துற இம்பெல்லர்லதான் அழுக்கு.

பிளக்கைக் கழட்டிட்டு ஃபில்டரை சிங்க்குக்குக் கொண்டு போங்க. குழாயை உருவினா அடியில இம்பெல்லர் தெரியும்: சின்ன விசிறி, அதோட வால்ல உருளையா ஒரு காந்தம். மெதுவா மேல இழுங்க. நடுவுல இருக்கிற ஷாஃப்ட் சில மாடல்ல பீங்கான், வளைச்சா பட்டுன்னு உடைஞ்சிடும். காந்தத்து மேல பழுப்பு நிறத்துல வழவழன்னு படிஞ்சிருக்கும், அதைப் பழைய டூத்பிரஷ்ஷால தேய்ங்க. அது உட்கார்ற குழியை யாரும் பார்க்கறதே இல்ல. ஒரு மணல் அங்கே போய் உட்கார்ந்தாலே போதும், நீங்க சொல்ற ‘கர்ர்ர்’ வரும். காது குடையற பட்ஸை நனைச்சு உள்ளே சுத்தி எடுங்க. நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல இந்தக் காந்தம் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்துது, ஒரு துகள்கூட அந்த வேகத்துல சும்மா இருக்காது.

உப்பு படிஞ்சிருந்தா இம்பெல்லரை வெள்ளை வினிகர்ல அரை மணி நேரம் ஊறப்போட்டு, நல்லா அலசிட்டுப் போடுங்க. தேங்காயெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் விடாதீங்க. அது நேரா தொட்டிக்குள்ளதான் போகும்.

விசிறியைத் தனியாத் திருப்பினா காந்தத்து மேல லேசா ஆடும். நிறைய மாடல்ல அப்படித்தான் செஞ்சிருப்பாங்க, ஒட்டிடாதீங்க. இந்த மோட்டார் எந்தப் பக்கம் வேணும்னாலும் சுத்த ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் இருந்தாத்தான் காந்தம் முதல்ல வேகம் பிடிச்சுட்டு விசிறியைச் சுத்தும். கரண்ட் வந்ததும் கொஞ்ச நேரம் கடகடன்னா அதுக்கு பயப்பட வேண்டாம். அடங்கவே இல்லைன்னா உள்ளே காத்து நிக்குது. ஒரு மக் தொட்டித் தண்ணியைப் பெட்டியில ஊத்திட்டுப் போடுங்க.

இப்போ அம்மா விஷயம். ராத்திரி பூரா நிறுத்தினா ஸ்பாஞ்சுல வாழற நல்ல பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாம சாக ஆரம்பிக்கும். மீன் கழிவுல வர்ற அம்மோனியாவை மாத்தறதே அதுதான். காலையில திரும்பப் போடும்போது பெட்டியில தேங்கின கெட்ட தண்ணியும் தொட்டிக்குள்ள வரும். சத்தம் நிக்கற வரைக்கும் அம்மாவை உள் ரூம்ல படுக்க வைங்க. அவங்க தூக்கமும் முக்கியம், அந்த மீனும் உங்களை நம்பித்தான் இருக்கு. ஸ்பாஞ்சைக் கழுவணும்னா தொட்டியில இருந்து எடுத்த பழைய தண்ணியில பிழிஞ்சா போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில வேண்டாம்.

கோவை கப்பி:
அண்ணா சொன்னதோட ஒண்ணு. வீட்ல பழைய வகை ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருந்தா, அதுல ஓடும்போது ஃபேன் மாதிரியே ஃபில்டரும் ‘ஊம்ம்’னு கத்தும். அது ஃபில்டர் கோளாறு இல்ல. ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்புக்கு மாறலாம்னா மாறுங்க, ஆனா ஏர் பம்பும் உறுமும். மரப்பலகை மேல வைக்காம கனமான ஃபோம் துண்டு மேல வைங்க.

கொளத்தூர் அண்ணன்:
பம்பைத் தண்ணி மட்டத்துக்கு மேல வைக்கணும், இல்லைன்னா டியூப்ல நான்-ரிட்டர்ன் வால்வு போடணும். கரண்ட் போனா டியூப் வழியா தண்ணி திரும்பி இறங்கி பம்புக்குள்ள போயிடும்.

தாம்பரம் தொட்டி:
கழட்டிட்டேன் அண்ணா. குழிக்குள்ள பொடி மணல், கூடவே பாசி நூல் ஒண்ணு ஷாஃப்ட்டைச் சுத்தியிருந்தது. வினிகர்ல போட்டதும் நுரை வந்து வெள்ளையெல்லாம் போயிடுச்சு. ‘கர்ர்ர்’ சுத்தமா நின்னுது. அம்மா நேத்து பிளக்கைத் தொடவே இல்ல, காலையில மீனும் கீழேதான் திரியுது. ரொம்ப நன்றி. மெல்லிசா ஒரு ரீங்காரம் மட்டும் இருக்கு, அழுத்தினா நிக்குது.

கொளத்தூர் அண்ணன்:
சந்தோஷம் தம்பி. அந்த ரீங்காரம் பெட்டி கண்ணாடியில அதிர்றதால வர்றது. பெட்டி கண்ணாடியைத் தொடற இடத்துல பழைய சைக்கிள் டியூப்ல ஒரு துண்டு வெட்டி வைங்க. பெட்டி நேரா நிக்கவும் பாருங்க. அதுக்கும் அடங்கலைன்னா ஷாஃப்ட் முனையில இருக்கிற ரப்பர் தேஞ்சிருக்கும். இம்பெல்லர் செட் தனியாவே கிடைக்கும். கடைக்குப் போகும்போது பழசைக் கையோட எடுத்துட்டுப் போங்க, மாடலுக்கு மாடல் நீளம் மாறும். மணல் திரும்ப ஏறாம இருக்க உறிஞ்சுற குழாயைத் தரையில இருந்து ரெண்டு மூணு விரல் உசத்தி வெச்சுக்குங்க.