செம்மணல் மேட்டில் வீடு: அஸ்திவாரத்துக்கு முன் சோதனைக் குழி தேவையா?

முட்டத்துக்காரன்:
முட்டத்துக்கு மேற்கே எங்களுக்கு 18 சென்ட் நிலம் இருக்கிறது. தென்னை பட்டுப்போன செம்மணல் மேடு. வீடு கட்டுவதற்காக முள்ளை வெட்டிச் சமப்படுத்தியபோது ஒரு மூலையில் நகத்தளவு கற்கள் கிடைத்தன. சில வெள்ளைப் படிகக்கல், சில தேன் நிறம். ஓரம் பிளேடுபோல் வெட்டுகிறது. மற்றபடி இந்த மணலில் கல்லே கிடையாது. சற்றுத் தள்ளிச் சாம்பல் கலந்த சிப்பிக் குவியல். வரலாறு படிக்கும் தங்கை மகள், "மாமா, சோதனை அகழாய்வு நடக்காமல் ஜே.சி.பி.யை இறக்காதீர்கள்" என்கிறாள். கொத்தனாரோ, தொல்லியல் துறைக்குத் தெரிந்தால் நிலமே போய்விடும் என்று பயமுறுத்துகிறார். வங்கிக் கடனின் முதல் தவணை வேறு கைக்கு வந்துவிட்டது. பத்மநாபபுரம் அரண்மனை அலுவலகத்தில் சொன்னால் போதுமா?

தோவாளைப் பூ:
அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. 1956இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அது அவர்களிடமேதான். உங்கள் நிலத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. தமிழ்நாடு தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் நிலம் இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய சல்லடை:
அகழாய்வுக் குழிகளில் மண்ணடுக்கு வரைந்தே தலை நரைத்தவன் நான். கொத்தனார் சொல்வதைத் தள்ளுங்கள். கட்டடம் கட்ட 100 மீட்டர் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்பதெல்லாம் மத்திய அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த சின்னங்களைச் சுற்றித்தான். கல் கிடைத்ததற்காக யாரும் பட்டாவைப் பிடுங்குவதில்லை. பிரான்சில் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கட்டடம் வரும் முன்பே நிலத்தைச் சோதிக்க அரசு உத்தரவிடலாம். இங்கே தனியார் வீட்டுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் மட்டும் இருக்கிறது: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாயை இன்னும் யாரும் திருத்தவில்லை!

உங்கள் கற்கள் நுண்கற்கருவிகளாக, அதாவது பழங்கால மனிதர் செதுக்கிய சின்னஞ்சிறு கல் கருவிகளாக, இருக்க வாய்ப்பு உண்டு. தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரம், மெஞ்ஞானபுரம் தேரிகளில் (செம்மணல் மேடுகளில்) கிடைத்தவற்றைப் பற்றி சாய்னர், ஆல்சின் என்ற தொல்லியல் ஆய்வாளர்கள் 1956இலேயே விரிவாக எழுதினார்கள். ஆனால் மேலே கிடக்கும் கல்லை வைத்துக் காலம் சொல்ல முடியாது. காற்று மணலை அள்ளிக்கொண்டு போகும், கல்லை விட்டுவிடும். நூற்றாண்டுகள் இடைவெளியில் விழுந்த கற்கள்கூட இறங்கி இறங்கி ஒரே மட்டத்தில் சேர்ந்துவிடும். அடியில், கலையாத மண்ணில், இதே கற்கள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் சோதனைக் குழி. ஒரு மீட்டர் சதுரத்தில், பத்துப் பத்து சென்டிமீட்டராக இறங்கி, மண் முழுவதையும் சலித்து, மனிதத் தடயமே இல்லாத கன்னி மண் வரை போவார்கள். கருவியைவிட அதைச் செதுக்கும்போது தெறித்த சில்லுதான் எனக்கு முக்கியம். சில்லுகள், அவை உடைக்கப்பட்ட மூலக்கல்லான கருக்கல்லோடு ஓரிடத்தில் குவிந்திருந்தால், அங்கேயே ஒருவன் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறான் என்று பொருள். சலிக்காமல் கொட்டினால் அவ்வளவும் போய்விடும்.

சிப்பியில் எனக்குச் சந்தேகம். நம் பக்கத்தில் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த சூளைகள் உண்டு. சாம்பல் இருக்கிறது என்றவுடன் ஆதிமனிதன் சமைத்தான் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். உடைந்த செங்கல்லும் வெந்து மாவான சிப்பியும் இருந்தால் சூளை. அலையில் தேய்ந்த சிப்பிகள், சிறிதும் பெரிதுமாகப் பல இனம் கலந்து கிடந்தால் கடல் ஒதுக்கியது. தின்னத் தகுந்த ஓரிரு இனம், வளர்ந்த அளவில், நடுவே மீன் முள்ளும் கரியும் இருந்தால் மட்டும் எனக்குச் சொல்லுங்கள்; ஓடி வருகிறேன்.

முட்டத்துக்காரன்:
செங்கல் துண்டு இருக்கிறது அண்ணாச்சி. சிப்பி சூளைதான் போலிருக்கிறது. கல் கிடைத்த மூலையில் நானே ஒரு குழி போட்டுப் பார்க்கலாமா?

பழைய சல்லடை:
வேண்டாம். அகழாய்வை ஒப்புதல் பெற்ற துறையோ பல்கலைக்கழகமோதான் நடத்த வேண்டும். அதோடு காய்ந்த மணல் சுவராக நிற்காது. இடுப்பளவுக்கு மேல் தோண்டினால் ஆளையே மூடிவிடும். கல் கிடந்த இடத்தை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். எல்லைக் கல்லிலிருந்து எத்தனை மீட்டர் என்று குறித்துக் கடிதத்தோடு அனுப்புங்கள். கற்களைக் கழுவ வேண்டாம், தனிப் பையில் வையுங்கள். மழைக்காலம் இரண்டும் நமக்கு உண்டு என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரை குழி போட வசதி. அதை மனத்தில் வைத்துச் சீக்கிரம் எழுதுங்கள்.

பதில் வரும்வரை வேலை நின்றுவிடும் என்று பதற வேண்டாம். பொறியாளரிடம் பேசி வீட்டை மறுகோடிக்கு நகர்த்துங்கள். அந்த மூலையில் வெளியிலிருந்து மண்ணும் கொட்டாதீர்கள். செப்டிக் டேங்க் அங்கே வருகிறதா என்று முதலில் வரைபடத்தைப் பாருங்கள். வீட்டின் அஸ்திவாரத்தைவிட அதுதான் ஆழமாகப் போகும்.