பொங்கலுக்கு முதல் நாள் ராத்திரி, எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவில்

நான், இரவு 8:12
பெரியப்பா, நாளைக்கு சாயங்காலம் பினாங்கு ரோட்டு சவேரியார் கோயில்ல இளையோர் கூட்டம். புனித தேவசகாயத்தைப் பத்தி அஞ்சு நிமிஷம் நான் பேசணுமாம். அவரைச் சுட்டுக் கொன்னாங்க, அதுதான் தெரியும்.

பெரியப்பா, 8:16
சுட்டதுல இருந்து ஆரம்பிக்காதம்மா. 1752 ஜனவரி 14, கன்னியாகுமரிப் பக்கம் ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. அது ஒரு நிமிஷம். பிடிச்சது 1749 பிப்ரவரியில. நடுவுல கிட்டத்தட்ட மூணு வருஷம். அதைப் பேசு.

அத்தை, 8:18
எருமை மேல பின்பக்கம் பார்த்து உட்கார வெச்சு, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊரா கொண்டு போனாங்க. அடிச்ச காயத்துல மிளகாய்ப்பொடி தடவினாங்க. ஆயா இதைச் சொல்லும்போது அம்மிய நிறுத்திடுவாங்க.

நான், 8:19
அவர் அப்படி என்ன பண்ணார்?

பெரியப்பா, 8:27
நட்டாலத்துல 1712ல பிறந்தவர். பேர் நீலகண்டன். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா கிட்ட அதிகாரி. 1741 குளச்சல் போர்ல பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாயோட பழக்கம். மாடு செத்து, பயிர் அழிஞ்சு மனசு ஒடிஞ்சு கிடந்தப்ப டிலனாய் அவருக்கு பைபிள்ல எல்லாத்தையும் இழந்தும் கடவுளை விடாத யோபு கதையைச் சொன்னார். 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம். லாசர்ங்கிற பேரைத்தான் தமிழ்ல தேவசகாயம்னு வெச்சாங்க. அப்புறம் எந்தச் சாதிக்காரங்களோடவும் வித்தியாசம் பார்க்காம பழகினார். அரண்மனை அதிகாரி அந்தக் காலத்துல அப்படிப் பழகுறது லேசா? இந்த மதத்தை விட்டுடு, விட்டுடுன்னு அடிச்சாங்க. ஒரு வார்த்தை சொன்னா வீட்டுக்குப் போயிருக்கலாம். பெருவிளையில வேப்ப மரத்துல கட்டிப் போட்டிருந்தப்பவும் அவர் அதைச் சொல்லல. மூணு வருஷமும் தினம் காலைல கண்ணு முழிச்சதும் அந்த வார்த்தை நாக்கு நுனியில வந்து நின்னிருக்கும். எனக்கு அதை நினைச்சாத்தான் உடம்பு சிலிர்க்குது.

அத்தை, 8:30
பேருக்குப் பின்னால பிள்ளைன்னு சேர்க்காத. ரோம்ல புனிதர்னு அறிவிக்கும்போது சாதிப் பேரை எடுத்துட்டாங்க. 2022 மே 15, இங்க சாயங்காலம். டிவில அவர் பேரை வாசிச்சதும் மாமா எழுந்து நின்னுட்டார்.

அண்ணன், 9:41
எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் இருந்தேன். ஒண்ணு சொல்லணும். வேலையிடத்துல வங்காளதேசத்துப் பசங்க தினம் 12 மணி நேரம் நிக்கிறாங்க. பட்டியல்ல 8னு எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. நாளைக்குப் போடுறேன், நாளைக்குப் போடுறேன்னு ரெண்டு வாரம் தள்ளிட்டேன். நாளைக்கு எட்டரைக்கு உள்ள கூப்பிட்டிருக்காங்க.

அம்மா, 9:43
வேலை போயிட்டா என்னய்யா பண்ணுவ? கார் கடனுக்கு இன்னும் நாலு வருஷம் கட்டணுமே.

பெரியப்பா, 9:50
நீ பயப்படுறது நியாயம்மா. அவருக்கும் வீடு இருந்துச்சு. மனைவி பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் வாங்கி ஞானப்பூன்னு பேர் வெச்சுக்கிட்டாங்க. அந்த மூணு வருஷம் அவங்க பட்டதை நாம பேசுறதே இல்ல. இவன் தனியா நிக்க வேணாம். கார் தவணை ரெண்டு மாசம் நான் பார்த்துக்கிறேன். தம்பி, உண்மையான நேரம் எழுதின தாளைப் படம் எடுத்து வெச்சிருக்கியா? தொழிலாளர் இலாகாவுக்குப் போகணும்னா நானும் வரேன்.

அண்ணன், 9:58
இருக்கு பெரியப்பா. கையெழுத்துப் போட மாட்டேன். ஏன் போடலன்னு எழுதியும் கொடுக்கிறேன்.

நான், 10:01
அண்ணா, உன் பேர் சொல்லாம இதைப் பேசட்டுமா?

அண்ணன், 10:02
நாளைக்கு வேணாம். முதல்ல நான் போயிட்டு வரேன்.

அத்தை, 10:09
ஆயா சொல்லச் சொல்ல நான் எழுதுறேன்: "புலியூர்க்குறிச்சியில தாகம் தாங்காம முழங்கை முட்டால இடிச்சாரு, பாறையில தண்ணி வந்துச்சு. சின்னப் புள்ளையில எங்கப்பா கூட்டிட்டுப் போய் அதைக் குடிச்சிருக்கேன். கோட்டாறு சவேரியார் கோயில்ல அவர் கல்லறையில முழங்கால் போட்டிருக்கேன். பேரனை வெறும் வயித்தோட அனுப்பாதீங்க. அஞ்சரைக்குப் பொங்கல் இறக்கிடுவேன்."

அண்ணன், 10:11
பாலத்துல ஜாம் ஆகுறதுக்குள்ள வந்துடுறேன் ஆயா.