ஊற்றுக்கு மேலே சீகைக் காடு: 3,000 இலவச நாற்றை வாங்கி நடலாமா?

குந்தா_தொட்டி எழுதியது:

நீலகிரி, குந்தா தாலுக்கா, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர். ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கு வரும் ஊற்றின் தலைமாட்டில் 3 ஏக்கர் பொதுநிலம் இருக்கிறது. அதில் ஒன்றரை ஏக்கர் அடர்ந்த சீகை (வாட்டில் என்கிற ஆஸ்திரேலிய மரம்), ஓரமாக அரை ஏக்கர் கற்பூர மரம் (யூகலிப்டஸ்). நடுவில் சின்னச் சதுப்பு. யாரோ கேரட் போடுவதற்காக அதில் இரண்டு வடிகால் வெட்டி வைத்திருக்கிறார்கள். மிச்சம் ஸ்காட்ச் புரூம் என்கிற அந்நியப் புதர் மண்டிய சரிவு. மார்ச், ஏப்ரலில் ஊற்று நூலாக இறங்கிவிடுகிறது.

ஒரு அமைப்பு சில்வர் ஓக், நாவல், மூங்கில் என்று கலந்து 3,000 நாற்று இலவசமாகத் தருகிறது. ஜூனில் சீகையை மொத்தமாக வெட்டிவிட்டு நட்டுவிடலாம் என்பது ஊர்க்கூட்டத்தின் பேச்சு. சரிதானா? வேறு என்ன மரம், எத்தனை, எப்படி?

---

சோலைநாற்று பதில்:

வணக்கம். முதல் வேலை, அந்த 3,000-ஐ வேண்டாம் என்று சொல்வது. சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம், தேயிலைத் தோட்டத்து நிழலுக்கு வந்தது. கீழ்நாட்டு நாவலும் மூங்கிலும் உங்கள் உறைபனியில் நிற்காது.

3 ஏக்கரிலும் மரம் என்ற எண்ணத்தையும் விடுங்கள். அந்த உயரத்தில் சோலை என்கிற பசுமைமாறா மலைக்காடு எப்போதும் மலை மடிப்புகளிலும் ஓடைப் பள்ளத்திலும்தான். முதுகுச் சரிவெல்லாம் புல். அது சோலையை வெட்டியதால் வந்த புல்லும் அல்ல. நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணை வைத்து 1993-ல் வெளியான ஆய்வு, இங்கே புல்வெளி 20,000 ஆண்டுக்கு முன்பே இருந்ததைக் காட்டியது. உங்கள் நிலத்தில் எது எது என்று பார்க்க மண்வெட்டி போதும். ஒன்றரை அடி தோண்டியும் கறுப்பாக, இலைமக்கோடு இருந்தால் சோலை மண். அரை அடியில் கல் தட்டினால் புல் மண். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சோலைக்கு அரை ஏக்கர்தான் தேறும். 2 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஆயிரம். ஆக 500 நாற்று.

அதற்கும் முன்னால் சீகைக்கு அடியில் குனிந்து பாருங்கள். பக்கத்தில் சோலைத் துண்டு இருந்தால் பறவை எச்சத்தில் வந்த விதை முளைத்திருக்கும். 5-க்கு 5 மீட்டர் கட்டம் நான்கைந்து போட்டு எண்ணுங்கள். கட்டத்துக்கு ஆறேழு சோலைக் கன்று இருந்தால் அங்கே நடவே வேண்டாம், சுற்றிக் களை எடுத்தால் போதும்.

இனங்கள்: மலை நாவல் வகைகள், விக்கிப்பழ மரம், காட்டுச் சண்பகம், காட்டு லவங்கம், லிட்சியா, டாஃப்னிஃபில்லம், ஐலெக்ஸ். சோலை ஓரத்துக்கு காட்டுப் பூவரசு என்கிற ரோடோடென்ரான், தவிட்டுப்பழச் செடி. இந்த இரண்டும் வெயிலும் பனியும் தாங்கும். மற்றவற்றுக்கு நிழல் வேண்டும்.

விதையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நாவல், லவங்க வகை விதைகளை வெயிலில் உலர்த்தினால் செத்தது. பழுத்து விழுந்ததைப் பொறுக்கி, சதையைக் கசக்கி அலசி, அன்றைக்கோ மறுநாளோ ஊன்றிவிட வேண்டும். நாவல் சில வாரத்தில் தலை காட்டும், லவங்கத்துக்கு மாதங்கள் ஆகும். விக்கிக்கு ஓடு கெட்டி, ஒரு வருடம்கூட எடுக்கும். முளைக்கவில்லை என்று பாத்தியைக் கிளறிவிடாதீர்கள். ரோடோடென்ரான் விதை தூள் மாதிரி. சலித்த இலைமக்கின் மேல் தூவி, மண் மூடாமல், தெளிப்பானால் மட்டும் ஈரம் காட்டுங்கள்.

பை 6-க்கு 9 அங்குலம். மண் 2, இலைமக்கு 1, மணல் 1. சோலை ஓரத்து மண் ஒரு கைப்பிடி சேர்த்தால் வேருக்கு வேண்டிய பூஞ்சை கிடைக்கும். ஒன்றரை முதல் இரண்டு வருடம், ஒன்றரை அடி உயரம் வரும்வரை பையிலேயே இருக்கட்டும். ஆக இந்த ஜூன் உங்களுக்கு நடவுக் காலமே இல்லை, விதைக் காலம்.

---

மேல்பவானி_புல் பதில்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். சீகையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக.

மொத்தமாக வெட்டாதீர்கள். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். வெயில் பட்டாலோ, மண்ணைப் புரட்டினாலோ, தீ வைத்தாலோ ஒரே மழையில் பாய் விரித்தாற்போல முளைக்கும். பொக்லைன் விட்டால் முடிந்தது கதை.

மடிப்புப் பகுதியில் சீகையையே குடையாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் நிழலில் சோலைக் கன்று வளரும், சீகைக் கன்று அவ்வளவாக வராது, பனியும் நேரடியாக விழாது. மூன்றில் ஒரு மரம் என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுங்கள். வெட்டுவதைவிடப் பட்டை உரிப்பது நல்லது. இடுப்பு உயரத்திலிருந்து கீழே, மண்ணை விலக்கி வேர்க்கழுத்து வரை முழுச் சுற்றும் உரிக்க வேண்டும். ஒரு விரல் அகலப் பட்டை மிச்சமிருந்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். நின்றபடியே காய்ந்து இலை உதிர்வதால் வெளிச்சம் மெதுவாகக் கூடும். தொட்டிக்கும் நடைபாதைக்கும் பக்கத்தில் இந்த வேலை கூடாது, காய்ந்த மரம் சாயும். அங்கே அடியோடு ஒட்டி வெட்டுங்கள்.

புல் நிலத்தில் நிற்கும் சீகைக்கு இந்தச் சலுகை இல்லை. அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கையால் பிடுங்க ஆள் எத்தனை பேர் வருவார்களோ அந்த அளவு பரப்பை மட்டும் ஒரு வருடத்தில் திறங்கள். கால் ஏக்கரில் தொடங்கினால் போதும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, கன்று ஒரு அடிக்குள் இருக்கையில் வேரோடு வரும். வருடம் இரண்டு முறை, பல வருடங்களுக்கு. ஸ்காட்ச் புரூமுக்கும் இதே மருந்து. காய் வெடிக்கும் முன் எடுக்க வேண்டும்.

வெட்டிய கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டால் மண் இறங்காது. இடையில் புல். பக்கத்துப் புல்வெளியில் குத்துக்குத்தாக நிற்கும் உள்ளூர்ப் புல்லைத் தூர் பிரித்து, தூருக்கு ஐந்தாறு தண்டு, இலையை ஒரு சாணுக்கு நறுக்கி, ஒரு அடிக்கு ஒன்று ஊன்றுங்கள். ஏக்கருக்கு சுமார் 43,500 தூர் வரும். அவ்வளவையும் புல்வெளியில் பிடுங்கினால் அந்த இடம் போய்விடும், அதனால் பாத்தியில் பெருக்கிக்கொள்வது முறை. சீகை நின்ற மண்ணில் தழைச்சத்து ஏறியிருக்கும். கிக்கூயு என்கிற ஆப்பிரிக்கப் படர்புல் அதை மோப்பம் பிடித்து வந்துவிடும். முதல் இரண்டு வருடக் களையெடுப்பு முழுக்க அதற்காகத்தான்.

---

நீர்மட்டம் பதில்:

தண்ணீர்தான் குறி என்றால் நான் சதுப்பிலும் கற்பூர மரத்திலும் தொடங்குவேன், சோலையில் அல்ல. சோலை நாற்று ஊற்றுக்குப் பலன் காட்டப் பல வருடங்கள் ஆகும்.

நீலகிரியிலேயே கிளென்மார்கனில், ஊட்டி மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் இரண்டு ஓடைப் பள்ளங்களை வைத்து ஒப்பிட்டது. ஒன்றில் புல்லும் சோலையும் அப்படியே. இன்னொன்றில் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம். நட்டதிலிருந்து வெட்டும்வரையான பத்து வருட முதல் சுழற்சியில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் துளிர்த்து வந்த இரண்டாம் சுழற்சியில் குறைவு 25 சதவீதம். அதாவது கற்பூர மரத்தை வெட்டிவிட்டுத் துளிரை விட்டுவைப்பது, வெட்டாததைவிட மோசம். துளிர் முழங்கால் உயரம் வரும்போதெல்லாம் ஒடித்துக்கொண்டே இருங்கள், கட்டை சோர்ந்து சாகும்வரை. ஆள் இல்லையென்றால் வெட்டத் தொடங்கவே வேண்டாம்.

சதுப்பில் மரம் வைக்காதீர்கள், குட்டை வெட்டாதீர்கள். அந்த இரண்டு வடிகாலையும் அடையுங்கள். சீகைக் கட்டையிலேயே பலகை அறுத்து, வாய்க்காலின் இரண்டு கரைக்குள்ளும் ஒன்றரை அடி புகுமாறு குறுக்கே இறக்கி, பின்னால் புல்வேரோடு வெட்டிய மண்கட்டியை மிதித்து நிரப்பவும். இப்படிச் சின்ன அடைப்புகளாகப் பலவற்றை வரிசையாகப் போடுங்கள். கீழ் அடைப்பில் தேங்கும் நீர் மேல் அடைப்பின் அடியைத் தொடும்படி இடைவெளி இருக்கட்டும். ஒரே பெரிய அடைப்பாகப் போட்டால் முதல் பெருமழையில் ஓரத்தை அரித்துக்கொண்டு போய்விடும்.

இன்றே ஊற்றை அளக்கத் தொடங்குங்கள். 20 லிட்டர் வாளி 40 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு அரை லிட்டர். வாளி வைக்க முடியாத இடத்தில் 90 பாகை V வடிவ வெட்டுள்ள தகரத் தடுப்பு: வெட்டின் முனைக்கு மேல் நீர் 5 செ.மீ. நின்றால் விநாடிக்கு சுமார் 0.77 லிட்டர், 10 செ.மீ. என்றால் சுமார் 4.4 லிட்டர். தடுப்பை ஒட்டி நீர் வளைந்து இறங்கும், அங்கே அளந்தால் குறைத்துக் காட்டும். இரண்டு அடி மேலே அளக்கணும். வாரம் ஒருமுறை, மழையளவோடு சேர்த்து எழுதி வையுங்கள்.

---

குந்தா_தொட்டி:

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். பொதுநிலத்து மரத்தை வெட்ட யாரிடம் கேட்க வேண்டும்? நாற்று தயாரானபின் பனிக்கு என்ன செய்வது? டிசம்பரில் பள்ளம் முழுக்க வெள்ளையாகிவிடும்.

---

சோலைநாற்று பதில்:

மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955 இருக்கிறது. பட்டா நிலத்துக்கே மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். அந்நிய மரம்தானே என்று நினைத்துக் கோடாரியை எடுக்காதீர்கள். சர்வே எண், மர எண்ணிக்கை, ஊர்க்கூட்டத் தீர்மானம் மூன்றையும் வைத்து ரேஞ்சர் ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். கையால் பிடுங்கும் கன்றுகளையும் அதிலேயே குறிப்பிட்டுவிடுங்கள், பின்னால் கேள்வி வராது.

பனிக்கு: குளிர்காற்று இறங்கித் தேங்கும் அடிப்பள்ளத்தை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து அடி மேலே நடவைத் தொடங்குங்கள். பருவமழை பிடித்த முதல் இரண்டு வாரத்தில் ஒரு கன அடிக் குழியில் நட்டால் பனிக்கு முன் ஆறு மாதம் வேர் ஓடும். செப்டம்பர் நடவு கிழக்கே கோத்தகிரிப் பக்கம் சரி, உங்களுக்கு வேண்டாம். நவம்பர் கடைசியில் ஒவ்வொரு கன்றுக்கும் மூன்று குச்சி நட்டு, பெரணித் தழையைக் கூம்பாகக் கட்டுங்கள், கிழக்குப் பக்கம் கொஞ்சம் தடிப்பாக. பனி படிந்த இலையில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும்போதுதான் கருகல் அதிகம். பிப்ரவரி கடைசி வரை பிரிக்க வேண்டாம். நுனி கருகியதைச் செத்தது என்று பிடுங்கவும் வேண்டாம், பாதிக்கு மேல் அடியிலிருந்து துளிர்க்கும். ஜூன் வரை பார்த்துவிட்டு மறுநடவு செய்யுங்கள். கடமானும் காட்டெருமையும் வரும் இடமென்றால் சீகைக் கழியாலேயே ஆளுயர வேலி. பிளாஸ்டிக் வலை போட்டால் கடமான் கொம்பு மாட்டும்.