65 வாட் சார்ஜரில் அப்பாவின் கைபேசியைப் போடலாமா?

தூத்தூர் கடலோரம்:
வணக்கம். என் அப்பா தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் வேலை செய்கிறார். கரை திரும்பப் பல வாரங்கள் ஆகும் என்பதால், அவருடைய கைபேசியும் தலையில் மாட்டும் டார்ச்சும் கெடாமல் இருப்பது எங்களுக்கு முக்கியம். என் லேப்டாப்புக்கு வாங்கிய 65 வாட் டைப்-சி சார்ஜரில் போட்டால் கைபேசி எரிந்துவிடும் என்று மாமா எச்சரித்தார். ஆனால் கைபேசிக்கு அதில் நன்றாகவே சார்ஜ் ஏறுகிறது; பழைய சார்ஜரில் ஏறும் டார்ச்சுக்குத்தான் இதில் ஏறவே இல்லை. கோளாறு எதில்?

தக்கலை மெக்கானிக்:
சார்ஜரில் கோளாறு இல்லை, தம்பி. 65 வாட் என்பது அது தரக்கூடிய உச்ச அளவு மட்டுமே. எவ்வளவு மின்னோட்டம் எடுப்பது என்பதைக் கைபேசிக்குள் இருக்கும் சார்ஜிங் சர்க்யூட்தான் முடிவு செய்கிறது. 9 வோல்ட்டோ 20 வோல்ட்டோ, கருவி கேட்டால்தான் வரும். கேட்காத கருவிக்கு 5 வோல்ட்தான்.

டைப்-சி சார்ஜர், மறுமுனையில் கருவி இருப்பதை உணரும்வரை அந்த 5 வோல்ட்டையும் விடாது. அதை உணர்த்துவதற்குக் கருவிக்குள், டைப்-சி துளையில் இணைப்பை அறிவிக்கும் சி.சி. பின் ஒவ்வொன்றிலும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) வேண்டும். விலை மலிந்த டார்ச்சுகள் பலவற்றில் அதை வைப்பதே இல்லை. அத்தகைய டார்ச்சைக் கழற்றிப் பார்த்தால் அந்தப் பின்கள் எதனோடும் சேராமல் நிற்கும். ஒரு சின்ன ரெசிஸ்டரில் மிச்சம் பிடிப்பது எனக்குப் பெரும் வருத்தம். பழைய சார்ஜரின் அகலமான துளையில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். ஆகவே பழைய சார்ஜரையும் அதன் கேபிளையும் டார்ச்சுக்கென்றே கொடுத்தனுப்புங்கள்.

குளச்சல் படகுக்காரர்:
படகில் கவனிக்க வேண்டியது வேறு. எங்கள் படகில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருக்கிறோம். அதாவது 24 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 28 வரை ஏறும். 12 வோல்ட் என்று மட்டும் அச்சிட்ட கார் சார்ஜரை ஒருமுறை அதில் செருகினேன். உள்ளே கெப்பாசிட்டர் வெடித்துப் புகை வந்தது. 12–24 என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். உப்பு ஈரம் பட்ட துளையில் மின்சாரம் பாய்ந்தால் பின்கள் பச்சை பூத்து அரித்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே கேபிளைச் செருகச் சொல்லுங்கள்.

தூத்தூர் கடலோரம்:
இருவருக்கும் நன்றி, அண்ணன்மாரே. பழைய சார்ஜரை டார்ச்சோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டேன். அப்பாவின் படகிலுள்ள சார்ஜரில் எழுத்து அழிந்திருக்கிறது; புதிதாக 12–24 ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.