நின்ற வண்டியில் இறங்கும் பேட்டரி: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அனுப்பியவர்: தக்கலை டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். டீசல் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கான செய்முறைக் கையேட்டில் மின்னேற்றப் பழுது பற்றிய அதிகாரம் என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து ஒரே ஒரு சொல்லில் வேலை நிற்கிறது: பாரசிட்டிக் டிரெயின்.

பணிமனையில் 1994 மாடல் டீசல் கார் ஒன்று பயிற்சிக்காகக் கிடக்கிறது. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரில் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பழுதை எழுதச் சொன்னால் பையன்கள் அத்தனை பேரும் "பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை" என்றே எழுதுகிறார்கள். அதற்குள் மூன்று பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. எஞ்சின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் போதிய அளவு ஏற்றாதது ஒன்று. பேட்டரி உள்ளுக்குள் கெட்டுத் தானாகவே இறங்குவது ஒன்று. வண்டி அணைந்து நிற்கும்போது ஏதோ ஒன்று மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருப்பது ஒன்று. முதல் இரண்டுக்கும் குறையேற்றம், தன்னிறக்கம் என்று போட்டுவிட்டேன். மூன்றாவதுதான் பாரசிட்டிக் டிரெயின். அதற்கு 'ஒட்டுண்ணி வடிகை' என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். "மாட்டு உண்ணியா டீச்சர்?" என்றான் ஒருவன். வேறு சொல் கொடுங்கள்.

அனுப்பியவர்: நாஞ்சிலான்

டீச்சர், 'கசிவு மின்னோட்டம்' என்று ஏற்கெனவே ஒன்று புழக்கத்தில் இருக்கிறதே. இருப்பதை விட்டுவிட்டு எதற்குப் புதிதாகத் தேட வேண்டும்?

அனுப்பியவர்: மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்

ஐயா, அது சரியாக வராது. கசிவு என்றால் ஒயரின் தோல் உரிந்து பாடியைத் தொட்டு மின்சாரம் போவது. இதில் ஒயர் நன்றாகத்தான் இருக்கும். டிக்கி லைட் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும், மூடியை மூடிவிட்டதால் நமக்குத் தெரியாது. 5 வாட் பல்புதானே என்று தோன்றும். 12 வோல்ட்டில் அது 0.4 ஆம்பியர், ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் பாதி காலி. பழைய பேட்டரி என்றால் அதற்கு முன்பே படுத்துவிடும்.

பையன்களுக்கு முதலில் மீட்டர் வைக்கச் சொல்லிக் கொடுங்கள், சொல் அப்புறம் வரட்டும். எஞ்சின் அணைந்து ஆறியிருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. அது சரியாக இருந்தும் காலையில் வண்டி படுத்தால்தான் டீச்சர் கேட்கிற மூன்றாவது பழுதைத் தேட வேண்டும். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைக்க வேண்டும். அந்த நேரம் யாரும் சாவியைத் திருப்பக் கூடாது, திருப்பினால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். பிறகு வண்டியின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ, அந்த வழியில்தான் ஆள் இருக்கிறான்.

அனுப்பியவர்: அதங்கோடன்

விளக்கம் நன்று. சொல்லுக்கு வருவோம். உறிஞ்சு என்பதன் பகுதியை எடுத்து 'உறிமின்' என்று வினைத்தொகையாக்கலாம். உறிந்த மின், உறிகின்ற மின், உறியும் மின் என்று முக்காலமும் அடங்கும். மூன்றே எழுத்தில் முடிகிற வேலைக்கு ஒட்டுண்ணி, வடிகை என்று இரண்டு சொல்லைச் சுமப்பானேன்?

அனுப்பியவர்: நாஞ்சிலான்

எண்ணிப் பாருங்கள், உறிமின் நான்கெழுத்து. அது போகட்டும். உறி என்றதும் நம் பிள்ளைகளுக்குக் கூரையிலிருந்து தொங்கும் தயிர்ச்சட்டிதான் நினைவுக்கு வரும். உறியடியில் மின்சாரம் பாய்ந்ததா என்று கேட்பார்கள். தொல்காப்பியம் கேட்ட அதங்கோட்டு ஆசானின் ஊர்க்காரர் என்பதற்காக எல்லாவற்றையும் வினைத்தொகையில் அடைக்க வேண்டுமா?

அனுப்பியவர்: அதங்கோடன்

ஐயா, கிண்டல் இருக்கட்டும். இன்று டிரெயின் என்பீர்கள், நாளை ஆல்டர்னேட்டர் என்றே எழுதுவீர்கள், மறுநாள் கையேட்டில் தமிழாக மிஞ்சுவது வினைமுற்று மட்டும்தான். டீச்சர் இப்போதே ஆல்டர்னேட்டர் என்றுதான் எழுதியிருக்கிறார்.

அனுப்பியவர்: வடமராட்சியான்

இலங்கையில் எங்கள் பாடப்புத்தகத்தில் மாறுதிசை மின்னோட்டத்தை ஆடலோட்டம் என்றுதான் படித்தோம். ஜெனரேட்டர் மின்பிறப்பாக்கி. அப்போ ஆல்டர்னேட்டர் ஆடலோட்டப் பிறப்பாக்கி. நீளம்தான், ஆனால் உள்ளே என்ன நடக்குது என்று பெயரே சொல்லும். டையோடுக்கு இருவாயி. ரெக்டிஃபையருக்கு உங்கள் அலைதிருத்தியும் நல்ல சொல்தான், மறுக்கவில்லை.

கேட்ட சொல்லுக்கு ஒரு யோசனை. தன்வினை, பிறவினை இருக்கிறது. டீச்சர் தன்னிறக்கம் என்று போட்டாயிற்று. அதற்கு எதிரே 'பிறவிறக்கம்' வைத்தால் இணை பொருந்தும். பேட்டரி தானாய் இறங்கினால் தன்னிறக்கம், பிறிதொன்று இறக்கினால் பிறவிறக்கம்.

அனுப்பியவர்: குலசேகரம்காரன்

பிறவி இறக்கமா? அந்த பேட்டரி பிறந்ததிலிருந்தே அப்படியா?

அனுப்பியவர்: நாஞ்சிலான்

தம்பி, பிறவி + இறக்கம் என்றால் பிறவியிறக்கம் என்றுதான் வரும். இ ஈ ஐ வழி யவ்வும். இங்கே வகரம் வந்திருப்பதே நிலைமொழி 'பிற' என்பதற்குச் சான்று. இலக்கணப்படி குழப்பத்துக்கு இடமே இல்லை.

அனுப்பியவர்: குலசேகரம்காரன்

கையில் கிரீஸோடு நிற்கிறவன் உடம்படுமெய் பார்த்தா படிப்பான் ஐயா? ஒட்டுண்ணிதான் வேண்டுமென்றால் 'புல்லுருவி' என்று வையுங்கள். இங்கே மாமரம் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். மலையாளத்தில் இத்திக்கண்ணி. கிளையில் ஒட்டிக்கொண்டு மரத்தின் சாற்றை எடுத்தே பச்சையாக நிற்கும். எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் பாதிப் பேச்சு மலையாளம், திருவனந்தபுரத்திலிருந்து வந்த பழைய டாக்ஸிகளில் தொழில் படித்தவர்கள். இரண்டு பக்கத்துக்கும் புரிகிற சொல்லாக எடுத்தால் நல்லது.

அனுப்பியவர்: தக்கலை டீச்சர்

புல்லுருவி பிடித்திருக்கிறது. ஆனால் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "புல்லுருவியை அளக்க மீட்டரைத் தொடராக இணைக்கவும்." தாவரவியல் பாடம் போல ஆகிவிடுகிறது. இன்று புதன்.

அனுப்பியவர்: மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்

நாங்கள் "நிறுத்தி வச்சா இறங்குது" என்போம். 'நிறுத்த இறக்கம்' என்றால் என்ன?

அனுப்பியவர்: நாஞ்சிலான்

அண்ணாச்சி, நிறுத்தத்தில் இறக்கம் என்றால் வடசேரி பஸ்ஸ்டாண்டுதான் கண்ணில் வரும்.

என் யோசனை 'களவிறக்கம்'. திருட்டுத்தனமாக எடுப்பது என்று பாமரருக்கும் புரியும். கள்ளச்சாவி, கள்ளநோட்டு வரிசையில் 'கள்ள ஓட்டம்' என்றுதான் முதலில் நினைத்தேன். தேர்தல் நேரத்தில் வம்பு என்று விட்டேன். இன்னொரு நயமும் இருக்கிறது. களவு என்பது நம் அகத்திணையில் ஊரறியாமல் நடப்பது. அதிலும் இரவுக்குறி. வீட்டார் உறங்கிய பின் தலைவன் வருவான், யாருக்கும் தெரியாது, விடிந்தால்தான் அறிகுறி தெரியும். இந்தப் பழுதும் ராத்திரிதான் வேலை பார்க்கிறது. ஒரு சொல்லில் இவ்வளவு அடங்கினால் வேறென்ன வேண்டும்?

அனுப்பியவர்: அதங்கோடன்

அகத்திணைக் களவு கற்பில், அதாவது திருமணத்தில், முடியும். இது பேட்டரியின் சாவில் முடிகிறது. உவமை பொருந்தவில்லை.

அனுப்பியவர்: வடமராட்சியான்

எனக்கு வேறு தடை. கடிகாரமும் ரேடியோ நினைவகமும் எடுப்பது களவா? அது வண்டி செய்தவர்களே ஒப்புக்கொண்டது. எல்லா இழுப்பையும் களவு என்றால் பையன் கடிகாரத்தைப் பிடுங்கிவிட்டுப் பழுது தீர்ந்தது என்பான்.

அனுப்பியவர்: மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்

அதற்குத்தான் அளவு. பழைய வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேலே போனால்தான் களவு.

இன்னொன்று, எல்லோரும் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்பார்கள். ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் பழைய வண்டிகள் பலவற்றில் ஃபியூஸ் பெட்டிக்குள் வராமலே பேட்டரிக்குப் போகும். உள்ளே ஒரு டையோடு ஷார்ட் ஆனால் பேட்டரியின் மின்சாரம் அந்த வழியாகவே திரும்பி ஓடும். எல்லா ஃபியூஸும் பிடுங்கிய பிறகும் மீட்டர் இறங்கவில்லையா, பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டு அந்த ஒயரைக் கழற்றுங்கள், பிறகு மீட்டரைத் திரும்ப வையுங்கள். அளவு விழுந்தால் முடிந்தது. விடியற்காலையில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடாக இருந்தால் மீட்டரே வேண்டாம். கொடுக்க வேண்டியவனே எடுக்கிறான், அதற்கு ஐயா சொன்ன களவு பொருந்தும்.

குறையேற்றத்தையும் சும்மா விடாதீர்கள். டீசலில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். சீல் போனால் எஞ்சின் ஆயில் உள்ளே இறங்கி கார்பன் பிரஷ் ஊறிப்போகும். வண்டி குளச்சல், முட்டம் பக்கம் ஓடியது என்றால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் எர்த் பட்டையை முதலில் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும்.

அனுப்பியவர்: தக்கலை டீச்சர்

அண்ணன் சொன்னபடி இன்று செய்து பார்த்தோம். ஃபியூஸ் எல்லாம் பிடுங்கியும் 0.7 ஆம்பியர் அசையவில்லை. ஆல்டர்னேட்டர் ஒயரைக் கழற்றியதும் 0.02க்கு விழுந்தது. பிரித்துப் பார்த்தால் டையோடுதான். பையன்கள் தாங்களாகவே "களவு பிடிச்சாச்சு" என்று கத்தினார்கள். அதனால் களவிறக்கம் என்றே போகிறேன். முதல் முறை வருமிடத்தில் மட்டும், 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது 'ஏற்ற இழுப்பு', அதற்கு மேலே போனால் களவிறக்கம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

அனுப்பியவர்: அதங்கோடன்

'ஏற்ற இழுப்பு' இன்னும் மோசம். ஏற்றுக்கொள்ளத்தக்க இழுப்பா, பேட்டரியை ஏற்றும் இழுப்பா? மின்னேற்றம் பற்றிய அதிகாரத்திலேயே இந்தக் குழப்பமா? களவிறக்கத்துக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஏற்ற இழுப்புக்கு இரண்டாவது மறுப்பு.

அனுப்பியவர்: வடமராட்சியான்

நான் பிறவிறக்கத்தைத்தான் எழுதுவேன். பிறவி என்று வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

அனுப்பியவர்: தக்கலை டீச்சர்

'ஏற்ற இழுப்பு' என்பதை 'இயல்பு இழுப்பு' என்று மாற்றிவிட்டேன். நேற்று மாலையே அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று, இனி அடுத்த பதிப்பில்தான். அதற்குள் எக்ஸைட்டேஷனுக்கு, அதாவது ஆல்டர்னேட்டரை விழிக்க வைக்க முதலில் கொடுக்கும் மின்னோட்டத்துக்கு, யாராவது சொல் வைத்திருந்தால் தனி இழையில் போடுங்கள். டாஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் பல்பு ஃபியூஸ் ஆனால் ஆல்டர்னேட்டர் ஏன் விழிக்க மாட்டேன் என்கிறது என்று எழுத வேண்டியிருக்கிறது. கிளர்வு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், வகுப்பில் சிரிக்கிறார்கள்.