கண்ணாடி வெளுத்துப்போன அந்த அரை நிமிடம்: ஏசி, ஹீட்டர் பொத்தான்களோடு உங்கள் அனுபவம் என்ன?

புதுச்சாவி

மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்னும் கண்ணை மூடினால் அந்த வளைவுதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். இரவு, விடாத மழை. காரில் ஐந்து பேர், ஐந்து பேரும் தொப்பலாக நனைந்தவர்கள். அத்தைக்குக் குளிர் ஆகாது என்று ஏசியை அணைத்திருந்தேன். வெளியிலிருந்து ஏதோ வாடை வருகிறது என்று மகள் முனகியதால் அந்த வளைந்த அம்புக்குறிப் பொத்தானையும் அழுத்தி வெளிக்காற்றை அடைத்துவிட்டேன். எது எதற்கு என்று உங்களுக்கெல்லாம் தெரியும், விளக்கவில்லை.

கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது கண்ணாடியின் அடிவிளிம்பிலிருந்து பால் பொங்கி வருவதுபோல வெள்ளை ஏறியது. எதிரே வந்த லாரியின் இரண்டு விளக்குகளும் ஒன்றாகக் கரைந்து பூசணிக்காய் அளவு மஞ்சளாகிவிட்டன. உள்ளங்கையால் துடைத்தேன். ஐந்து விரல் தடத்திலும் ஐந்து லாரி தெரிந்தது. கண்ணாடியைத் தெளியவைக்கும், மூன்று நெளிந்த அம்பு போட்ட பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்தினேன். பொத்தானில் விளக்கு எரிந்தது. கண்ணாடியோ வெளுத்துக்கொண்டே போனது. மைத்துனர் பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை மழையில் நீட்டி “ஓரமாக, இன்னும் ஓரமாக” என்று சொல்லச் சொல்ல, ஒருவழியாக நிறுத்தினேன்.

சில நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு மாமா பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாகச் சொன்னார்: “மாப்பிள்ளை, பின்கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்கிறது. முன்னால்தான் ஒன்றும் தெரியவில்லை.”

அரைக்கிளட்ச்

மேல்விளிம்பு வளைந்து விசிறி மாதிரி இருக்கும் படம் முன்கண்ணாடிக்கு. நேரான செவ்வகம் பின்கண்ணாடிக்கு. இரண்டிலும் அதே மூன்று நெளிந்த அம்புகள். இருட்டில் இதைப் பிரித்துப் பார்க்கச் சொல்வது கொடுமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்களைக் கவிழ்த்தது அந்தப் பொத்தான் இல்லை. அதற்கு முன்பே ஏசியை அணைத்து, வெளிக்காற்றையும் அடைத்தீர்களே, அங்கேதான் கதை முடிந்துவிட்டது. ஓர் ஆள் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு 30, 40 கிராம் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். ஐந்து பேர், அதோடு நனைந்த துணி. அத்தனை ஈரமும் போக வழியில்லாமல், காரிலேயே குளிர்ந்த இடமான முன்கண்ணாடியில் போய் உட்கார்ந்தது.

நானும் பட்டவன்தான். குளிர்காலம் வந்தால் ஏசி பக்கமே போகாத ஆளாக இருந்தேன். ஒரு நாள் விடியற்காலை, ஹீட்டர் முழுவதும் திறந்திருந்தும் கண்ணாடி தெளியவில்லை. பக்கத்திலிருந்த அக்கா, ஏதோ பாட்டுப் பெட்டியைத் தேடப்போய், தவறுதலாக ஏசி பொத்தானைத் தட்டிவிட்டார். சூட்டுக் குமிழ் சிவப்பிலேயே இருந்தது. அரை நிமிடத்தில் கண்ணாடியின் நடுவில் ஒரு கருப்பு ஓட்டை விழுந்து, அது விரிந்து விரிந்து சாலை ஆனது. ஏசி காற்றைக் குளிர்விக்கும்போது அதிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்து வண்டிக்கு அடியில் சொட்டவிடுகிறது. அந்த உலர்ந்த காற்றை ஹீட்டர் சூடாக்கி மேலே அனுப்புகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம், ஓடத்தான் வேண்டும் என்பது எனக்கு வண்டி வாங்கி ஆறு வருடம் கழித்துத் தெரிந்தது. அத்தைக்கும் குளிர்ந்திருக்காது.

இரவுப்பறவை

என் கதை இதற்கு நேர் எதிர்.

புழுக்கமான இரவு, மழை நின்ற நேரம். ஏசி முழு வேகத்தில், காற்றும் கண்ணாடிப் பக்கமே. திடீரென்று எல்லாம் மங்கல். நானும் படித்தவனாயிற்றே, ஏசியை இன்னும் கூட்டினேன். இன்னும் மங்கியது. ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் துணி. தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை வலித்தது. துணியோ காய்ந்தே இருந்தது! அதைப் பார்த்தும் மூளையில் ஏறவில்லை. பத்து நிமிடம் இப்படிப் போனபிறகு, பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என் மகன் கண் விழித்து, “அப்பா, வைப்பர் போடுங்கள்” என்றான். ஒரே வீச்சு. ஊரே தெரிந்தது.

பனி வெளியே படிந்திருக்கிறது, நான் உள்ளே துடைத்திருக்கிறேன். அவன் மறுபடி தூங்கிவிட்டான். எனக்குத்தான் வீடு போகும்வரை முகம் சுட்டுக்கொண்டிருந்தது.

கணக்குவாத்தியார்

அரைக்கிளட்ச் அவர்களே, “ஏசி போட்டால் தெளியும்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இரவுப்பறவை அதை நம்பித்தான் மாட்டிக்கொண்டார். வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். கண்ணாடி 24 டிகிரிக்குச் சற்றே கீழே இறங்கினாலும் வெளிப்புறம் வியர்த்துவிடும். அப்போது வைப்பரைப் போட்டு, காற்றை முகத்துக்கோ காலுக்கோ திருப்பி, குளிரைக் குறைக்க வேண்டும். அதேபோல் உறைபனிக் குளிரில் பல கார்களில் ஏசிக்குக் குளிரைத் தரும் பம்பான கம்ப்ரசர் ஓடவே ஓடாது. பொத்தானில் விளக்கு எரியும், அவ்வளவுதான். அங்கே ஹீட்டரும் வெளிக்காற்றும்தான் துணை.

உள்ளேயா வெளியேயா என்று தெரிய ஒரு விரல் போதும். தொட்டால் தடம் விழுந்தால் உள்ளே.

எனக்குச் சொந்த அனுபவம் ஒன்றும் பெரிதாக இல்லை. நான் பெரும்பாலும் பஸ்ஸில் போகிறவன்.

நாலாம்நம்பர்

பஸ்ஸில் போகிறவரே இவ்வளவு சொன்னால் நானும் சொல்லலாம்.

உச்சி வெயில், போக்குவரத்து நெரிசல், வண்டி அங்குல அங்குலமாக நகர்கிறது. எஞ்சின் வெப்பமுள் மெல்ல எழுந்து சிவப்பைத் தொடப் போகிறது. முன்னும் பின்னும் வண்டிகள், ஓரம் கட்ட இடமில்லை. என்றோ ஒரு மெக்கானிக் சொன்னது நினைவுக்கு வந்தது. ஏசியை அணைத்தேன். சூட்டுக் குமிழைக் கடைசிவரை சிவப்புக்குத் திருப்பி, காற்றை நாலாம் நம்பரில் வைத்தேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். “தம்பி, உனக்கு வெயில் தலைக்கேறிவிட்டதா?”

ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே. எஞ்சினைச் சுற்றிவரும் கொதிநீர் அதற்குள்ளும் ஓடுகிறது. அதன் மேல் காற்றை அடித்தால் எஞ்சினின் சூடு நம் முகத்தில் வந்து இறங்கும். இறங்கியது. அக்காவின் கண்மை கன்னம்வரை வழிந்தது. நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடு இறங்கியது, பிறகு இன்னொரு கோடு. அந்த இரண்டு கோட்டுக்காக நான் எத்தனை சாமியைக் கும்பிட்டேன் என்று கேட்காதீர்கள். இடம் கிடைத்ததும் ஓரம் கட்டி அணைத்தோம். எஞ்சினைக் குளிர்விக்கும் அந்த நீர், அதாவது கூலண்ட், பாதிகூட இல்லை. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கப் போனேன். அக்காதான் கையைத் தட்டிவிட்டார். இல்லாவிட்டால் இதை இப்போது ஒற்றைக் கையால்தான் தட்டச்சு செய்துகொண்டிருப்பேன்.

சாவித்துளை

நீண்ட பயணம், எல்லாரும் தூக்கம், நான் மட்டும் கொட்டாவி மேல் கொட்டாவி. காற்று உள்ளேயே சுற்றும் பொத்தான் நான்கு மணி நேரமாக அழுத்தியபடி இருந்தது பிறகுதான் கண்ணில் பட்டது. கண்ணாடியை இறக்கியபோது முகத்தில் அடித்த காற்று இன்னும் நினைவிருக்கிறது. அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் இவ்வளவு பேர் எழுதியும் யாரும் அடிப்படையைச் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் எல்லாரும் உடனே காற்றை அடைத்து ஏசியைக் கூட்டுகிறார்கள். உள்ளே இருப்பது அடுப்புக் காற்று, அதையே ஏன் சுற்றவிட வேண்டும்? கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டுங்கள், அந்தச் சூடு ஓடிவிடும். அதன்பிறகு அடைத்தால் ஏசிக்கு வேலை குறைவு. உள்ளே குளிர்ந்து அரைமணி ஆனால் சிறிது நேரம் வெளிக்காற்றையும் விட வேண்டும். மூச்சின் கரியமில வாயு சேர்ந்தால் தலை கனக்கும், தூக்கம் வரும். காற்று வலுக்குறைந்தால் ஏசி வாயு தீர்ந்துவிட்டது என்று ஓடாதீர்கள். பெரும்பாலான கார்களில் முன்பக்கத்துச் சிறு பெட்டிக்குப் பின்னால் ஒரு ஃபில்டர் இருக்கும், அதைக் கழற்றிப் பாருங்கள். என்னுடையதில் காய்ந்த இலையும் ஒரு கோழி இறகும் இருந்தன. இறகு எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. போட்டவுடன் புளித்த துணி வாடை வந்தால், குளிர்விக்கும் சுருளில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்திருக்கிறது. இறங்குவதற்குச் சில நிமிடம் முன்பே ஏசியை மட்டும் அணைத்துக் காற்றை ஓடவிட்டால் சுருள் காய்ந்துவிடும். காலடியில் தண்ணீர் தேங்கினால் சொட்டும் குழாய் அடைத்திருக்கும். காற்று முதல் மூன்று வேகத்திலும் வராமல் நான்கில் மட்டும் வந்தால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, காற்றின் வேகத்தைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். மோட்டாரையே மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள். பனி உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். நின்ற காரில் எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கவே தூங்காதீர்கள்; புகை உள்ளே கசிந்தால் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, விழிப்பு வராது. ஃபில்டர் விஷயத்தை மறக்க வேண்டாம்.

இரவுப்பறவை

சாவித்துளை அவர்களே, கேட்டது அனுபவம். கடைசியில் சொன்னதற்கு மட்டும் நன்றி.

தொடுதிரைவிரோதி

குமிழ் இருந்த காலத்திலாவது கை தானாகப் போகும். நண்பனின் புதுக் காரை ஒரு நாள் இரவல் வாங்கினேன். டாஷ்போர்டு மொட்டை, நடுவில் ஒரு திரை. மழையில் கண்ணாடி மங்கத் தொடங்கியதும் திரையைத் தொட்டேன். விசிறி படம் வந்தது. அதைத் தொட்டால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும் படம், சுற்றிலும் அம்புகள். அவர் தலைக்கா காலுக்கா காற்று வேண்டும் என்று கேட்கிறது. தொட்டேன், கார் குலுங்கியது, விரல் நழுவி இருக்கையைச் சூடாக்கும் படத்தில் விழுந்தது. சாலை தெரியவில்லை, உட்கார்ந்த இடம் மட்டும் இட்லிச் சட்டியாகிறது. வண்டியை நிறுத்தி நண்பனுக்குப் போன் செய்தேன். “வாயால் சொல், அது கேட்கும்” என்றான். வாயால் சொன்னேன். பாட்டு போட்டது.

கணக்குவாத்தியார்

தொடுதிரைவிரோதிக்கு ஓர் ஆறுதல். 1939இல் பேக்கார்ட் நிறுவனம் தன் 1940 மாடல் கார்களுக்கு ஏசியை அறிமுகப்படுத்தியபோது டாஷ்போர்டில் அதற்கென்று ஒரு பொத்தான்கூட இல்லை. கம்ப்ரசரை நிறுத்த வேண்டுமென்றால் எஞ்சினை அணைத்து, இறங்கி, அதன் பெல்ட்டையே கழற்ற வேண்டும். குளிரும் கருவி டிக்கியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டதாம். திரையே தேவலை.

பின்சீட்டுக்காரி

பின்கண்ணாடியில் முன்பு யாரோ ஒட்டிய ஸ்டிக்கரை பிளேடு வைத்துச் சுரண்டினேன். சுத்தமாக வந்தது என்று பெருமை வேறு. முதல் குளிர் காலையில் செவ்வகப் பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டை பட்டையாகத் தெளிந்தது, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பனி அப்படியே நின்றது. பின்னால் வரும் வண்டியின் விளக்கு சரியாக அந்தப் பட்டையில்தான் ஒளிந்துகொள்ளும். சிவந்த கம்பிபோல் ஓடும் அந்த மெல்லிய கோடுகள் கண்ணாடியின் மேல் பூசியவை என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒரு கோடு அறுந்தால் அந்த வரி செத்தது. மின்சாரம் கடத்தும் பூச்சு வாங்கித் தடவினேன். வேலை செய்கிறது, ஆனால் தையல் போட்ட புருவம் மாதிரி இருக்கிறது.

ஈரக்கம்பளம்

ஹீட்டர் போட்டால் காருக்குள் இனிப்பு வாடை, கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பிசுபிசுப்பு. அம்மா யாரோ மிட்டாய் சிந்திவிட்டதாகச் சொல்லி சீட்டுக்கடியில் தேடினார். இரண்டு வாரம் நானும் கண்ணாடியைத்தான் மாற்றி மாற்றித் துடைத்தேன். ஒரு நாள் அம்மா காலை எடுத்தபோது கம்பளம் சதக்கென்றது. நாலாம்நம்பர் சொன்ன அந்தக் குட்டி ரேடியேட்டர் கசிந்து, கூலண்ட் ஆவியாகி எங்கள் மூச்சில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதை மாற்ற முழு டாஷ்போர்டையும் கழற்றினார்கள். கழற்றிய கோலத்தைப் பார்த்த அம்மா, இறந்த வீட்டில் நிற்பதுபோல் கைகட்டி நின்றார்.

புதுச்சாவி

எல்லாருக்கும் நன்றி. நேற்று மழை பெய்தபோது மாமாவையும் உட்காரவைத்து, காரை நிறுத்திய இடத்திலேயே சோதித்துப் பார்த்தேன். காற்றை அடைத்து, ஏசியை அணைத்து, இருவரும் பேசிக்கொண்டே இருந்தோம். ஐந்தாவது நிமிடம் பால் பொங்கியது. வளைந்த அம்பை விடுவித்து, விசிறிப் படத்தை அழுத்தி, ஏசியும் சூடும் சேர்த்துப் போட்டேன். அரைக்கிளட்ச் சொன்ன அதே கருப்பு ஓட்டை. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்து, “ஐம்பது வினாடி, மாப்பிள்ளை” என்றார். பிறகு அவராகவே செவ்வகப் பொத்தானை அழுத்தி, பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

சாவித்துளை

ஐம்பது வினாடி அதிகம். ஃபில்டரைப் பார்த்தீர்களா?